கஞ்சாச் சரக்கும் அனுமதிப்பத்திரமும்

மக்களுக்குத் தீங்கு விளைக்கக் கூடிய பொருளொன்று நாட்டில் வழங்குமாயின், அதன்மீது அரசு செய்யத் தக்கன இரண்டு. அதனை முற்றாக விலக்குதல் ஒன்று. ஆக்குவோரையும் விற்போரையும் அனுமதிப்பத்திரத்தால் வரையறை செய்து, சரக்கின் அளவையும் தன்மையையும் கண்காணித்தல் மற்றொன்று. கஞ்சாவைக் குறித்து இவ்விரு வழிகளுள் எது தக்கது என்னும் விவாதம் இக்காலத்திற் பல நாடுகளில் நிகழ்கின்றது. கனடா தேசம் 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆந் தேதி இரண்டாம் வழியை மேற்கொண்டது. அடுத்த ஆண்டில் கஞ்சா கலந்த தின்பண்டங்களின் ஆக்கத்துக்கும் விதிகள் வகுத்து, ஒரு பொதியில் அதன் மயக்கச் சத்து 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று கட்டளையிட்டது.

இதனைப் பலர் புத்தம் புதிய முயற்சியெனக் கருதுவர். வரலாறு கற்போர் அவ்வாறு கருதார். கஞ்சாவை ஆக்குதற்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் முறை வங்காளத்தில் 1793ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று. அம்முறை ஒரு நூற்றாண்டு நடந்தேறிய பின், அதன் நன்மை தீமைகளை ஆராய்தற்கு ஓர் ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது. 1893ஆம் ஆண்டிற் கூடிய அந்த இந்தியக் கஞ்சாச் சரக்கு ஆணைக்குழுவின் வரலாற்றையும், அது நமக்கு உணர்த்துவனவற்றையும் ஈண்டு ஆராய்வாம்.

சரக்கின் வகைகள்

கஞ்சாச் செடியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இச்செடியினின்றும் வட இந்தியாவில் மூவகைச் சரக்குகள் பெறப்பட்டன. உலர்ந்த இலை பங்கு எனப்பட்டது; அதனை அரைத்துப் பாலும் சருக்கரையும் கூட்டிப் பருகினர்; நெய்யுஞ் சேர்த்து மாஜும் என்னும் இனிப்புப் பண்டமாகவும் ஆக்கினர். கருவுறாத பெண் செடியின் பூந்தலை கஞ்சா எனப்பட்டது. செடியிற் கசியும் பிசினைத் திரட்டியது சரஸ் எனப்பட்டது. பஞ்சாபில் விலைப்பட்ட சரஸின் பெரும்பகுதி மத்திய ஆசியாவின் யார்க்கந்திலிருந்து மலைவழியாக வந்தது. இம்மூன்றும் ஒரே செடியின் விளைவாயினும் வலிமையில் ஒன்றல்ல. ஆதலின் இவை அனைத்தையும் ஒரே விதியால் ஆள முற்பட்ட அரசு, தொடக்கத்திலேயே இடர்ப்பட்டது.

1793 முதல் 1824 வரை

கிழக்கிந்தியக் கும்பனியார் வங்காளத்தில் 1793ஆம் ஆண்டிற் பிறப்பித்த 34ஆம் ஒழுங்குவிதி, மாவட்டக் கலெக்டரின் அனுமதிப்பத்திரமின்றி மயக்கச் சரக்குகளை ஆக்குதலும் விற்றலும் கூடாவென விதித்தது. அளவற்ற பாவனையைத் தடுத்தலும் அரசிறையைப் பெருக்குதலும் ஆகிய இரண்டும் அவ்விதியின் நோக்கங்களாகக் கூறப்பட்டன. இவ்விரு நோக்கங்களும் ஒன்றுக்கொன்று துணையாகுமா, பகையாகுமா என்பதே பின்வந்த நூறாண்டு வரலாற்றின் உட்பொருள் எனலாம்.

1800ஆம் ஆண்டில் அரசு ஒருபடி மேற்சென்றது. மூவகைச் சரக்குகளுட் சரஸ் மிகக் கொடியதெனக் கருதி, அதன் ஆக்கத்தையும் விற்பனையையும் முற்றாக விலக்கியது. இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின், 1824ஆம் ஆண்டில் அத்தடை நீக்கப்பட்டது. ஆராய்ந்து பார்த்தவிடத்து, சரஸ் கஞ்சாவினும் மிகுதியாக உடல் நலத்தைக் கெடுப்பதன்று எனத் தெரிந்தமையே அதற்குக் காட்டிய காரணமாகும். ஒரு சரக்கின் தீங்கு எத்தகையது என்பதை முதலில் ஆராயாது விலக்குதலும், பின்னர் ஆராய்ந்து விலக்கை நீக்குதலும் அக்காலத்திலேயே நிகழ்ந்தன என்பது நோக்கற்பாலது. ஆயினும், அவ்வாராய்ச்சியைச் செய்தற்குரிய இரசாயனக் கருவி அன்று எவரிடத்தும் இருந்ததில்லை. சரக்கின் மயக்கச் சத்து இன்னதென்று தெளிவாகப் பிரித்தெடுக்கப்பட்டது 1964ஆம் ஆண்டிலேயாம். இசுரவேல் நாட்டு அறிஞரான கயோனியும் மெக்கூலமும் அதனைச் செய்தனர்.

நௌகாவ் வயல்கள்

வங்காளத்திற் கஞ்சா விளைந்த இடம் மிகச் சிறியது. இராசசாகி, தினாசுப்பூர், போக்ரா என்னும் மூன்று மாவட்டங்கள் கூடுமிடத்தில், நௌகாவ் ஊரைச் சூழ்ந்த நிலப்பரப்பே கஞ்சா மகால் எனப் பெயர் பெற்றது. இப்பகுதி இன்று வங்காளதேசத்தில் உள்ளது. 1877ஆம் ஆண்டில் ஹேம் சந்தர் கேர் என்பவரும், 1893ஆம் ஆண்டில் தாவரவியலறிஞர் டேவிட் பிரெயின் என்பவரும் இவ்வயல்களின் தொழின்முறையை ஆராய்ந்து அறிக்கை எழுதினர். அவற்றால் நாம் அறிவன பல.

நாற்று மேடையில் விதைத்து, மழை ஓய்ந்த பின் வயலிற் பெயர்த்து நடுவர். பூக்கும் பருவம் அணுகியதும் போத்தார் எனப்படும் தேர்ச்சியாளர் வரிசை வரிசையாக நடந்து, ஆண் செடிகளை இனங்கண்டு ஒடித்தெறிவர். ஆண் செடி எஞ்சுமாயின் மகரந்தம் பரவிப் பெண் பூக்கள் விதை கொள்ளும். விதை கொண்ட பூவிற் பிசின் குறையும். ஆகவே அறுவடை முழுவதும் அவருடைய கண்ணை நம்பியிருந்தது. மாசி பங்குனியில் அறுத்த செடிகளைக் களத்தில் வெயிலிற் பரப்பி, காலால் மிதித்துத் தட்டையாக்கியது தட்டைக் கஞ்சா; காலடியில் உருட்டித் திரட்டியது உருண்டைக் கஞ்சா; காம்பினின்றும் உதிர்ந்த பூத்துணுக்கு சூர் எனப்பட்டது. காம்பு மிக்க தட்டைக்கு வரி குறைவு. காம்பில்லாத சூருக்கு வரி மிகுதி.

இவ்வரி வேறுபாடு ஆழ்ந்து நோக்குதற்குரியது. சரக்கின் வலிமைக்கேற்பத் தீர்வையும் ஏறுதல் வேண்டும் என்னும் கொள்கை இதனுள் அடங்கியுள்ளது. வலிமையை அளக்க அறியாத அரசு, காம்பின் அளவைக் கொண்டு அதனை ஒருவாறு மதிப்பிட்டது.

பயிரிடுவோன் அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும். விளைந்தது எவ்வளவென்பது உத்தியோகத்தர் முன்னிலையில் நிறுக்கப்பட்டது. மொத்த வியாபாரி தன் மாவட்டத்து அனுமதியுடன் நௌகாவ் வந்து, தூரகர் வாயிலாகச் சரக்கைக் கொண்டு, கட்டிய மூட்டைகளோடு செல்வழிச் சீட்டும் பெற்று மீள்வன். சென்ற இடத்துப் பண்டகசாலையில் மூட்டைகள் மீண்டும் நிறுக்கப்பட்டன. நாட்பட்டு வலிமை குன்றிய சரக்கு, உத்தியோகத்தர் பார்த்து நிற்க எரிக்கப்பட்டது. வயலிலிருந்து கடைவரை ஒரு சரக்கின் வழியைப் பின்தொடரும் இம்முறை, இக்காலச் சட்டங்கள் விதிக்கும் முறையை ஒத்திருத்தல் காண்க. ஆயினும் அன்றைய விதிகளின் நோக்கு நிறையும் தீர்வையுமே. காலால் மிதித்த களத்தில் எவ்வகை மாசு கலந்தது, புகைப்போன் நெஞ்சுள் எது சென்றது என்பன அவற்றின் நோக்கல்ல.

ஆணைக்குழுவின் தோற்றம்

1893ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் தேதி, இங்கிலாந்தின் பொதுமக்கள் சபையில் வில்லியம் ஸ்புரோஸ்டன் கேன் என்னும் உறுப்பினர் வங்காளத்துக் கஞ்சாவைப் பற்றி வினா எழுப்பினர். அவர் மதுவிலக்கு இயக்கத்திற் பெயர் பெற்றவர். அபின் வாணிகத்துக்கு எதிரான கிளர்ச்சி அங்கு வலுப்பெற்றிருந்த காலம் அது. இந்திய மந்திரியாக இருந்த கிம்பர்லிப் பிரபு ஆராய்ச்சிக்கு இசைந்தார். வங்காளத்துக்கு மாத்திரமன்றி இந்தியா முழுமைக்கும் அதனை விரிக்குமாறு கருத்துரைத்தார். அதன்படி யூலை 3ஆந் தேதி இந்திய அரசு ஆணைக்குழுவை நியமித்தது.

பஞ்சாபைச் சேர்ந்த மக்வேர்த் யங் தலைவராயினர். ஒம்மனி, பிரேசர் என்னும் ஆட்சித்துறையினர் இருவரும், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்த வார்டன் என்பவரும், தாகிர்ப்பூர் அரசர் சசிசேகரேசுவர ராய், கன்வர் ஹர்நாம் சிங், லாலா நிஹால் சந்த் என்னும் இந்தியர் மூவரும் உறுப்பினராயினர். எழுவருள் மூவர் இந்தியராயிருந்தமை அக்காலத்துக்குக் குறைவன்று. ஆகத்து 3ஆந் தேதி கல்கத்தாவில் முதற் கூட்டம் நடைபெற்றது. எழுபது வினாக்கள் கொண்ட பட்டியல் அச்சாகி நாடெங்கும் அனுப்பப்பட்டது. 1,193 பேர் சாட்சியமளித்தனர். ஆட்சியாளர், மருத்துவர், வைத்தியர், பாதிரிமார், வியாபாரிகள், பயிரிடுவோர் ஆகிய பல திறத்தாரும் அவருள் அடங்குவர். ஊமத்தை, எட்டி, அபின் முதலியன கஞ்சாவோடு கலக்கப்படுகின்றனவா என்பதும் வினாக்களுள் ஒன்று. உதகமண்டலத்திற் சிங்கோனா ஆராய்ச்சி செய்த அரசாங்க இரசாயனி டேவிட் ஹூப்பர் பல மாகாணத்துச் சரக்குகளைப் பகுத்தாராய்ந்தார். கன்னிங்காம் என்பவர் ஒரு குரங்குக்குப் பல மாதங் கஞ்சாப் புகையூட்டி, அதன் மூளையைப் பின்னர் ஆராய்ந்தார்.

பைத்தியசாலைப் புள்ளிகள்

ஆணைக்குழு செய்த பணிகளுள் வரலாற்று மாணவர் கூர்ந்து கற்கத் தக்கது, பைத்தியசாலைப் பதிவேடுகளை அது சோதித்த முறையாகும். கஞ்சா பைத்தியம் விளைக்கும் என்பது அன்று யாவரும் ஒப்பிய கருத்து. ஆண்டுதோறும் அரசாங்கம் வெளியிட்ட புள்ளிவிவரங்களே அதற்குச் சான்று. 1892ஆம் ஆண்டில் இந்தியப் பைத்தியசாலைகளிற் புதிதாகச் சேர்ந்தவர் 1,344 பேர். அவருள் 222 பேரின் நோய்க்குக் கஞ்சாச் சரக்கே காரணமெனப் பதியப்பட்டிருந்தது.

ஆணைக்குழு அத்தொகையை அப்படியே ஏற்கவில்லை. ஒவ்வொருவருடைய வரலாற்றையும் மூலத்தினின்று ஆராயத் தொடங்கியது. நோயாளியைப் பைத்தியசாலைக்கு அனுப்பியவர் பெரும்பாலும் பொலிசார். அனுப்பும் படிவத்தில் ‘காரணம்’ என்னும் கட்டத்தை வெறுமையாக விடலாகாது. நோயாளி எப்போதாயினுங் கஞ்சா புகைத்தான் என்று எவரேனுங் கூறின், அச்சொல்லே காரணமாக எழுதப்பட்டது. எழுதுவினைஞர் அதனைப் பெயர்த்தெழுதினர். வைத்திய அதிகாரி ஒப்பமிட்டார். ஆண்டறிக்கையில் அஃது உண்மையாயிற்று. இவ்வாறு ஆராய்ந்து கழித்தபின் எஞ்சியவர் 98 பேர். அவருள்ளும் 37 பேருக்கு வேறு காரணங்களும் உடனிருந்தன. ஆக, கஞ்சா ஒன்றே காரணமெனக் கொள்ளத் தக்கவர் 61 பேரே.

இதனாற் கஞ்சா தீங்கற்றதென்பது பெறப்படாது. 61 என்பதும் சிறிய தொகையன்று; ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் துயரம். அளவிறந்த பாவனை மனநோய்க்கு ஏதுவாகக் கூடுமென ஆணைக்குழு தானே ஒப்பியது. இக்கால மருத்துவ ஆராய்ச்சியும், இளமையில் வலிமிக்க கஞ்சாவை இடையறாது பாவிப்போர்க்கு மனநோய் அச்சம் மிகுதியென்று கூறுகின்றது. ஆனால் அச்சு வடிவிலுள்ள எண் எங்ஙனம் தோன்றிற்று என வினவாது அதனைச் சான்றாகக் கொள்ளுதல் தவறென்பதை இவ்வாராய்ச்சி காட்டியது. சட்டமியற்றுவோர்க்கும் வரலாறெழுதுவோர்க்கும் இது பொதுவான பாடமாகும்.

முடிவும் மாறுபாடும்

1894ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளில், 3,281 பக்கங்களில் அறிக்கை வெளிவந்தது. மிதமான பாவனையால் உடலுக்கோ உள்ளத்துக்கோ ஒழுக்கத்துக்கோ குறிப்பிடத் தக்க தீங்கில்லை. அளவிறந்த பாவனை தீங்கு பயக்கும். ஆதலின் முற்றான தடை வேண்டியதுமன்று, தக்கதுமன்று என்பது பெரும்பான்மையோர் முடிபு. தடை விதிப்பின் மக்கள் மதுவையோ அதனினுங் கொடிய ஊமத்தையையோ நாடுவர் என்றும், சமய வழக்கங்களில் அரசு தலையிட்டதாக எண்ணுவர் என்றும் அவர் அஞ்சினர். வட இந்தியத் துறவியரிடையே இச்செடி சிவபெருமானோடு தொடர்புபடுத்தப்பட்டிருந்தமை இவ்வச்சத்துக்கு ஒரு காரணம். தென்னாட்டுச் சைவத்தின் ஆகம வழிப் பூசையிலோ கஞ்சாவுக்கு இடமில்லை. ஆகவே இக்கூற்றைச் சைவ உலகம் முழுமைக்கும் பொருத்திக் கூறல் பிழையாகும்.

கட்டுப்பாட்டுக்கு ஆணைக்குழு வகுத்த வழிகள் நான்கு. போதிய தீர்வை விதித்தல். அனுமதிப்பத்திரமின்றிப் பயிரிடுதலை விலக்கி, பயிரிடும் இடங்களை ஒருமுகப்படுத்தல். கடைகளின் தொகையைக் குறைத்தல். ஒருவர் கைவசம் வைத்திருக்கத் தக்க அளவை வரையறுத்தல் என்பன அவை. ஒரு மாவட்டத்து விற்பனை முழுவதையும் ஒருவனுக்கே குத்தகைக்கு விடும் முறையை அது கண்டித்தது. குத்தகைக்காரன் மிகுதியாக விற்கும் அளவே மிகுதியாகப் பெறுவன் அன்றோ? வங்காள முறையே ஏனைய மாகாணங்களுக்கும் மேல்வரிச் சட்டமாகக் காட்டப்பட்டது. சென்னை மாகாணத்திற் குண்டூரைச் சார்ந்த பாபட்லாப் பகுதியும் வட ஆற்காட்டு ஜவ்வாது மலையும் அன்று கஞ்சா விளைந்த இடங்கள். அங்கும் இவ்வாறான கட்டுப்பாடு பின்னர் நிலைபெற்றது.

எனினும் எழுவரும் ஒரு மனத்தராயிருந்திலர். சசிசேகரேசுவர ராயும் நிஹால் சந்தும் தத்தம் மாறுபட்ட கருத்தைத் தனிக் குறிப்புகளாக எழுதிச் சேர்த்தனர். சாட்சியங்கள் காட்டிய தீங்கினைப் பெரும்பான்மையோர் குறைத்து மதித்தனர் என்பது நிஹால் சந்தின் கருத்து. மாறுபட்ட இருவரும் இந்தியர் என்பதைக் கருதுங்கால், அரசிறைக் கணக்கில் இச்சரக்கு வகித்த இடம் நம் நினைவுக்கு வரும். சில்லறைக் கடைக்கான அனுமதி ஆண்டுதோறும் ஏலத்தில் மிக்க விலை கேட்போனுக்குக் கொடுக்கப்பட்டது. பாவனையைக் குறைத்தற்கென விதித்த தீர்வை, பாவனை குறையுமிடத்துத் தானுங் குறையும். ஆள்வோன் கண்காணிப்பவனாகவும் பங்காளியாகவும் ஒருங்கே நிற்கும் இந்நிலை, ஆணைக்குழுவின் நடுவுநிலைமையைக் கெடுத்ததெனத் துணிதற்குச் சான்றில்லை. ஆயினும் ஐயுறுதற்கு இடந்தந்தது.

பிற்கால நிகழ்ச்சிகள்

நௌகாவ் மக்கள் 1917ஆம் ஆண்டில் ஒரு கூட்டுறவுச் சங்கம் நிறுவினர். தூரகரின் பிடியினின்று நீங்கிய பயிர்க்காரர், ஊதியத்தின் ஒரு பகுதியைப் பாடசாலைகளுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் செலவிட்டனர். ஆயின் உலகப் போக்கு வேறு திசையிற் சென்றது. 1925ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டில், எகிப்து நாட்டின் வேண்டுகோளால் கஞ்சா சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1961ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த உடன்படிக்கை, மருத்துவமும் அறிவியலும் அல்லாத பாவனையை இருபத்தைந்து ஆண்டுகளுள் ஒழிக்குமாறு விதித்தது; பயிரிடுதலை அனுமதிக்கும் நாடு அதற்கென ஓர் அரசாங்கச் சபையை நிறுவி, அனுமதி வழங்கி, விளைவைத் தானே கொள்ளுதல் வேண்டுமென்றது. இவ்விதியைப் படிப்போர்க்கு நௌகாவ் பண்டகசாலை நினைவுக்கு வருதல் இயல்பே. 1985ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் கஞ்சாவையும் சரஸையும் விலக்கியது. இலையை மாத்திரம் விலக்கவில்லை. அதனால் சில மாநிலங்களிற் பங்கு இன்றும் அனுமதிக்கடைகளில் விற்கப்படுகின்றது. நௌகாவ் வயல்களிற் பயிரிடுதல் 1987ஆம் ஆண்டோடு முடிவுற்றது.

நமது நாட்டில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகரமான ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் கஞ்சாவைக் கட்டுப்படுத்தியது. ஆயினும் சித்த, ஆயுள்வேத மருத்துவத்தில் இச்செடி சுத்தி செய்யப்பட்டு இலேகியங்களிற் சேர்வது பழைய வழக்கு. சுத்தி என்பதும் ஆக்கத்தின்போதே தீங்கைக் குறைக்கும் ஒரு விதியேயாம். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டம் மருந்தாக்கத்தின் பொருட்டு இதனைப் பெறுதற்கு வழி செய்தது. 2025ஆம் ஆண்டில், ஏற்றுமதிக்கென மாத்திரம் கஞ்சா பயிரிடுதற்கு வெளிநாட்டு முதலீட்டாளரை அனுமதிக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. ஆகவே, நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் எழுந்த வினா இப்பொழுது நம் வாயிலிலும் வந்து நிற்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் புலனாகும். முதலாவது, அனுமதிப்பத்திரம் என்பது ஒரு கருவியே. அஃது எதன்பொருட்டு வழங்கப்படுகின்றதோ அதற்கேற்பவே பயன் தரும். அரசிறையின் பொருட்டு வகுத்த விதி மூட்டையை நிறுக்கும். மக்கள் நலத்தின் பொருட்டு வகுத்த விதி மூட்டையின் உள்ளிருப்பதை ஆராயும். இரண்டாவது, தீங்கின் அளவை அறிதற்கு அலுவலகப் பதிவேடு மட்டும் போதாது; அதனை எழுதியவர் எவர், எதனைக் கண்டு எழுதினர் என்பதையும் அறிதல் வேண்டும். மூன்றாவது, வருவாய் பெறும் கையும் தீங்கை அளக்கும் கையும் ஒன்றாயிருத்தல் ஆகாது.

ஆணைக்குழுவின் முடிபுகள் அனைத்தையும் இன்று நாம் ஏற்க வேண்டுவதில்லை. அன்று விளைந்த கஞ்சாவினும் இன்று பல நாடுகளில் ஆக்கப்படும் சரக்கு வலிமை மிக்கது. ஆகவே ‘மிதமான பாவனை’ என்ற சொல்லின் பொருளும் மாறியுள்ளது. ஆயினும், ஒரு கொள்கையை வகுக்கு முன் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் வாய்மொழியைக் கேட்டு, அரசின் சொந்தப் புள்ளிகளையே ஐயுற்று ஆராய்ந்து, மாறுபட்டோரின் குறிப்பையும் மறையாது அச்சிட்ட அம்முறை போற்றத் தக்கது. நம் நாட்டிற் சட்டமியற்றுவோர் இப்பொருளைத் தடுப்பினும் அனுமதிப்பினும், அம்முறையைக் கைக்கொண்டு அதனைச் செய்வாராயின், அதுவே மக்களுக்குச் செய்யும் நன்மையாகும்.